உள்ளே விட்ட துணி

போன மாதம் காரிமங்கலத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் கிழங்கு, அதன் மேல் ஒரு ஜாக்கெட் பிட். வெற்றிலையையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு பிட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். வீட்டுக்காரி முகம் விழுந்துவிட்டது.

"கலர் புடிக்கலீங்களா?"

"ஜாக்கெட் பிட்டே புடிக்காது."

பின்னால் ஒருத்தி, "கெழவிக்குத் திமிரப் பாரு" என்றாள். காதில் விழுந்தது. விழட்டும்.

என் வயதுக்காரிகளே, அந்தப் பிட்டுகளை நீங்களும் தைத்துப் போடுவதில்லை. எனக்குத் தெரியும். இந்த வீட்டில் வாங்கி அந்த வீட்டில் கொடுக்கிறீர்கள். யார் உடம்பையும் பார்க்காமல், எல்லாருக்கும் இவ்வளவு போதும் என்று யாரோ முடிவு செய்து வெட்டி மடித்த துணி அது. அதை நான் கையில் வாங்குவதில்லை. காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. கேட்டவர்கள் எல்லாம் பதில் வேண்டிக் கேட்டவர்கள் இல்லை.

நான் ஐந்தாவது படித்தேன். அக்கா எட்டாவது. அது புளி அடிக்கிற காலம். எங்கள் ஊரில் மாசி, பங்குனி வந்தால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் புளி வாசம்தான். முற்றம் முழுக்கக் குவித்துவைத்து, ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் வெடித்து, உப்புத் தொட்டால் எரியும். அக்கா நல்ல கொட்டையாகப் பொறுக்கி ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் தேய்ப்பாள். கறுப்புப் போய் வெள்ளை தெரியும். அதை உருட்டித் தாயம் ஆடுவோம். சுருக்குப் பை நிறைய அந்தக் கொட்டைகளை வைத்திருந்தாள். அது அவள் சொத்து. நான் தொட்டால் மண்டையில் குட்டு விழும்.

அந்தப் புளிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அத்தை பேச்சை எடுத்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மொரப்பூர் ரயில் பாதைக்குப் பக்கத்தில் அவள் வீடு. அவளுக்கு ஒரே மகன். எங்களுக்கு மாமா முறை. அக்காவுக்கு அவன்தான் என்று பிறந்தபோதே பேசிவைத்ததாகச் சொல்வார்கள். அக்கா போன தீபாவளிக்குத்தான் வயதுக்கு வந்திருந்தாள்.

"வைகாசியில முடிச்சிடலாம்" என்றாள் அத்தை.

அம்மா தயங்கினாள். "இன்னும் சின்னப் புள்ளையா இருக்கறாளுங்களே அண்ணி."

"சின்னதுல வந்தாத்தான் எங்க வூட்டு வழக்கம் படியும். முத்திப் போனா நார் உரிக்கவா முடியும்?"

புளியைப் பார்த்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அத்தை முன்னால் அவர் சிரிக்காமல் இருந்ததோ, மறுத்துப் பேசியதோ கிடையாது.

அந்த வாரம் சந்தைக்கு அம்மா என்னை மட்டும் கூட்டிப்போனாள். துணிக் கடைக்குப் போகும் முன் தையல்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்போது அப்படித்தான். கூட எடுத்தால் தண்டம். குறைத்து எடுத்தால் ஒட்டுப் போட வேண்டிவரும். கல்யாண ஜாக்கெட்டில் ஒட்டு விழக் கூடாது.

தையல்காரர் சந்தை வீதியில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். முன்பக்கம் மிஷின், பின்பக்கம் ஒரு திரை, திரைக்குப் பின்னால் வீடு. மிஷின் எண்ணெயும், கரிப் பெட்டி போட்டுத் தேய்த்த கஞ்சித் துணியும் கலந்து ஒரு வாசம் வரும். எனக்கு அது பிடிக்கும். அப்போது பிடிக்கும்.

"கல்யாணப் பொண்ணுக்கு ஜாக்கெட்டுங்க பாய். எவ்ளோ துணி எடுக்கட்டும்?"

அவர் மிஷினை மிதித்தபடியே கேட்டார். "பொண்ணு உங்க வாகுங்களா, ஒல்லியா?"

"கொஞ்சம் ஒல்லிதாங்க."

"கை?"

"முழங்கை வரைக்கும். மாப்ள வூட்ல அப்படித்தான் கேக்கறாங்க."

கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து, மேசைப் பலகை மேல் சாண் போட்டார். உடம்பு உயரத்துக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு, இடுப்புப் பட்டிக்கு இவ்வளவு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். "பன்னா முப்பத்தாறு இருக்கற துணியாப் பாத்து ஒரு மீட்டர் எடுங்க. தாராளமா வரும்" என்றார். பன்னா என்றால் துணியின் அகலம். அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சொல் தெரிந்தது.

அவர் போட்டது தப்புக் கணக்கில்லை. கல்யாணப் பொண்ணு என்று காதில் விழுந்ததும் அவர் மனசுக்குள் ஒரு பெண் வந்து நின்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு மீட்டர் வேண்டும். அவள் எங்கள் வீட்டில் இல்லை.

அரக்குச் சிவப்பில் ஒரு மீட்டர் எடுத்தோம். வெயிலில் பிடித்தால் உள்ளே நெருப்பு ஓடுவது மாதிரி இருக்கும். அடுத்த சந்தைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். தையல்காரர் துணியை விரலால் நெருடிப் பார்த்தார். "நல்ல துணி. பொண்ணு வரலீங்களா?"

"இதாங்க பொண்ணு."

அவர் எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மறுபடி எங்களைப் பார்த்தார். அக்கா புளியங்கொட்டை ஒன்றை அவர் கொட்டகைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மூத்தவங்க?"

"இவதாங்க மூத்தவ. இது ரெண்டாவது."

ஓடிக்கொண்டிருந்த மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "சரி, அளவு ஜாக்கெட் குடுங்க" என்றார்.

உங்களுக்குத் தெரியும். ஆண் தையல்காரர் நம் உடம்பில் டேப் வைக்க மாட்டார். பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுப்போம். அக்காவுக்கு ஜாக்கெட் ஏது? பாவாடை சட்டை போடுகிறவள். அம்மா தன்னுடையதையே கொண்டுவந்திருந்தாள். "இதுல கொஞ்சம் கொறச்சுக்கங்க."

அவர் அதைப் பலகையில் விரித்துப் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "இதுல கொறைக்க ஆரம்பிச்சா, அப்பறம் துணியே இருக்காதுங்க" என்றார். அம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. திரைப் பக்கம் திரும்பி வீட்டம்மாவைக் கூப்பிட்டார்.

அந்த அம்மா அக்காவைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். டேப்பின் தகர முனை சில்லென்று பட்டிருக்க வேண்டும். அக்கா கெக்கெக்கே என்று சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே அந்த அம்மாவின் குரல் அளவுகளைச் சொன்னது. தோள். கை உயரம். கைச் சுற்று. தையல்காரர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பலகையில் நீலச் சாக்கட்டியால் எழுதினார். கைச் சுற்றைச் சொன்னபோது மட்டும் திரும்பக் கேட்டார். "சரியாப் பாத்தியா?" "ரெண்டு தரம் பாத்துட்டேன்" என்றது குரல்.

அவர் சிவப்புத் துணியை விரித்து மறுபடி சாண் போட்டார். பாதியிலேயே அவர் கை நின்றுவிட்டது.

"பாதித் துணி மிச்சம் ஆவுதுங்களே."

அம்மாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "அப்ப சின்னவளுக்கும் ஒண்ணு அடிச்சிடுங்க பாய்! ஒரே துணியில ரெண்டு பேருக்கும் ஆயிடும்."

"மூத்தவளுக்கே உள்ள மடிச்சு விட்டுத் தெக்கறங்க. வளர்ற புள்ள. பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்."

"உள்ள துணியும் விடுங்க, சின்னவளுக்கும் தைங்க. நீங்க நெனச்சா முடியாதா?"

திரையை விலக்கிக்கொண்டு வீட்டம்மா வெளியே வந்தார். அக்காவின் தோளில் கை இருந்தது. "ரெண்டு வருசம் கழிச்சு வந்தீங்கன்னா இந்த ஒரு மீட்டர் இவ ஒருத்திக்கே சரியா வந்துடும்க்கா" என்றார்.

அம்மா சட்டென்று திரும்பினாள். "என்னாம்மா, துணி மிச்சமாவுதுன்னு கல்யாணத்தத் தள்ளி வெக்கச் சொல்றியா?"

தையல்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா திரைக்குப் பின்னால் போய்விட்டார். அவ்வளவுதான். அந்தக் கல்யாணம் நடக்கும் முன் அதைப் பற்றி வெளியில் யாராவது உண்மை பேசியது அந்த ஒரு முறைதான். அதையும் துணிக் கணக்காகத்தான் பேச முடிந்தது.

அந்தத் தையல்காரரை நல்லவர் என்று ஊரில் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்தது. அந்த உடம்பின் அளவு எங்கள் அப்பாவுக்குத் தெரியாது, அத்தைக்கு வேண்டாம், பத்திரிகை அடித்தவனுக்கும் தாலி செய்தவனுக்கும் தேவையில்லை. அவருக்கு மட்டும் அது நீலக் கோடாகக் கண் முன்னால் கிடந்தது. துணியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவர் என்ன செய்தார்? முன்பக்கத்தைத் தலைகீழாகப் போட்டு, கைத் துண்டை இடுக்கில் நுழைத்து, ஒரு துணியில் இரண்டு ஜாக்கெட்டை அடக்கிக் காட்டினார். "பாத்தீங்களா" என்றார். கெட்டிக்காரத்தனம் வேலை செய்கிற நேரத்தில் மனுஷனுக்கு வேறு எதுவும் தெரிவதில்லை. அம்மா வழியெல்லாம் அவர் கைராசியைப் பேசிக்கொண்டே வந்தாள்.

நானும் குதித்துக்கொண்டுதான் வந்தேன். எனக்கும் சிவப்பு ஜாக்கெட்.

கல்யாணத்தன்று அக்கா சேலைக்குள் இருக்கிறாளா என்று தேட வேண்டியிருந்தது. மாலை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நான் பாவாடைக்கு மேல் அதே சிவப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், வெற்றிலை குதப்பிக்கொண்டு சத்தமாகச் சொன்னார். "யோவ் மாப்ள, யோகக்காரன்யா நீ. ஒரே துணியில ரெண்டு பொண்ணு!"

பந்தலே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். துணிக் கடையில் மிச்சத் துண்டை எடுத்து இது எதற்கு ஆகும் என்று பார்ப்போமே, அப்படி. அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆடிக்கு அக்காவை அழைத்துவந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, மஞ்சள் பூசி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஜாக்கெட் அவள் மேல் ஆடியது. தோள் ஒரு பக்கம் வழிந்து வழிந்து விழ, அவள் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். வளர்வாள் என்று உள்ளே துணி விட்டிருந்தார்கள். அவள் சுருங்கிப் போய் வந்திருந்தாள்.

நான் தாயம் ஆடக் கூப்பிட்டேன். கொட்டைப் பை எங்கே என்று கேட்டேன்.

"அத்த அடுப்புல கொட்டிட்டாங்க."

"எதுக்கு?"

"பொண்டாட்டி ஆனவளுக்கு எதுக்குடி வெளாட்டுன்னு."

"நீ சும்மாவா இருந்த?"

"வெடிச்சுது. பட்டுபட்டுன்னு. நல்லா இருந்துச்சு" என்றாள்.

அம்மா சோறு போட்டால் தட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருப்பாள். "சாப்புடேன் புள்ள" என்றால், "நான் கடைசியாங்க" என்பாள். எங்கள் அம்மாவிடமே 'ங்க' போட்டாள். கதவு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டால் உட்கார்ந்த இடத்தில் தூக்கிவாரிப் போடும். எங்கோ கூட்ஸ் வண்டி போனால் சுவர் ஓரமாக நகர்ந்துகொள்வாள். அந்த வீட்டில் இரவெல்லாம் ரயில் போகும் என்று மட்டும் சொன்னாள்.

இதெல்லாம் என் கண்ணில் பட்டது. அம்மா கண்ணில் படவில்லையா? பட்டது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கத் தையல்காரரிடம் எடுத்துப்போனாள். "தொளதொளன்னு இருந்தா அங்க போயி நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்றாள்.

வீட்டம்மா மறுபடி அளவு எடுத்தார். இந்த முறை அக்கா சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து வந்த எல்லா அளவும் குறைவாக வந்தது. தையல்காரர் எழுதிக்கொண்டார். வீட்டம்மா வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இந்தப் புள்ளய அனுப்பாதீங்க. கொஞ்ச நாள் வெச்சிருந்து சோறு போடுங்க."

"ஆவணி பொறந்தா அனுப்பாம இருக்க முடியுமா? வாழாவெட்டின்னு பேரு வராதா?"

"பேரு வந்தா வரட்டுமே."

"உம் பொண்ணா இருந்தா இப்படிச் சொல்லுவியா?"

"எம் பொண்ணா இருந்தாத்தாங்க்கா இப்படிச் சொல்லுவேன்."

அம்மா கையை உதறினாள். தையல்காரர் பழைய தையலுக்கு உள்பக்கமாக இன்னொரு தையல் ஓட்டிக் கொடுத்தார். கச்சிதமாக இருந்தது. அக்கா நன்றாக இருக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் சொல்கிற அளவுக்குக் கச்சிதம்.

ஆவணி பிறந்ததும் அப்பா கொண்டுபோய் விட்டார். ஐப்பசி மழையில் ஆள் வந்தது. காய்ச்சல் என்றார்கள். மஞ்சள் காமாலை என்று அத்தை சொன்னாள். என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டர் பார்த்தாரா என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நாங்கள் போனபோது எல்லாம் ஆகியிருந்தது. தலைமாட்டில் விளக்கு எரிந்தது. ரயில் ஒன்று போனது. விளக்கு ஆடியது. அம்மா அழுத அழுகையைப் பற்றி எழுத மாட்டேன். அது அவளுக்கு எந்தப் பெருமையும் சேர்க்காது.

காரியம் முடிந்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணச் சேலையும் அந்த ஜாக்கெட்டும் மடித்தபடி அவள் மடியில் இருந்தன. அப்பாவிடம்தான் பேசினாள். "எம் மவனுக்கு இன்னொரு எடத்துல பாக்க எனக்கு மனசில்லப்பா. சின்னவ வளரட்டும். நாங்க காத்திருக்கறோம்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா என்ன சொல்வார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ சொன்னா சரிக்கா" என்றார் அப்பா.

அத்தை ஜாக்கெட்டைப் பிரித்து அம்மாவிடம் கொடுத்தாள். "சுமங்கலியாப் போனவ. இதப் போட்டுத்தான் எளையவ மணையில ஒக்காரணும். இல்லாட்டி அவ மனசு ஆறாது." அப்படி ஒரு வழக்கம் உண்மையில் இருந்ததோ, அந்த நிமிடம் அவள் உண்டாக்கினாளோ தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா தகரப் பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்பை எடுத்து என் மேல் வைத்துப் பார்ப்பாள். எனக்குத் தைத்ததும் அதே பெட்டியில் கிடந்தது. அது அடுத்த வருஷமே போதாமல் போயிற்று. அக்காவுடையது மட்டும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. முதல் பொங்கலுக்குப் பெரிசாக இருந்தது. அடுத்ததற்கு அவ்வளவு பெரிசில்லை. நான் சாப்பாட்டைக் குறைத்தேன். தட்டில் பாதியை நாய்க்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தேன். வளராமல் இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். உங்களில் யாராவது வளரக் கூடாது என்று வேண்டிக்கொண்டது உண்டா? நான் எந்தச் சாமியையும் விடவில்லை. உடம்பு கேட்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது.

பதினாறு முடிவதற்குள் நாள் குறித்தார்கள். ஓடிப் போயிருக்கலாமே என்று இன்றைக்கு என் மகள் கேட்கிறாள். எங்கே? எந்த பஸ்ஸில் ஏறினாலும் அது அப்பாவுக்குத் தெரிந்த ஆள் இருக்கிற ஊருக்குத்தான் போகும்.

அம்மா என்னையும் ஜாக்கெட்டையும் கூட்டிக்கொண்டு தையல்காரரிடம் போனாள். வீட்டம்மா திரையை விலக்கி என்னைப் பார்த்தார். பிறகு அம்மா கையில் இருந்ததைப் பார்த்தார். திரையை இழுத்து மூடிக்கொண்டார். தையல்காரர் எத்தனை தடவை கூப்பிட்டும் அளவு எடுக்க வரவில்லை.

தையல்காரரே பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தார். முதலில் ஆடியில் போட்டது. அடுத்து கல்யாணத்துக்குப் போட்டது. இரண்டு வரிசையாக ஊசித் துளைகள். அதற்கப்பால் இவ்வளவு காலம் உள்ளே மடிந்து கிடந்த துணி வெளியே வந்தது. மற்ற இடமெல்லாம் வியர்வையிலும் துவைத்ததிலும் வெளுத்திருந்தது. அந்தப் பட்டை மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த சிவப்பு. வெளிச்சத்தில் உள்ளே நெருப்பு ஓடியது.

"போட்டுப் பாரும்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போட்டேன். அக்கா வளர்வதற்கென்று விட்ட துணி. தோள், கை, இடுப்பு எல்லாம் எனக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

"இன்னும் கொஞ்சம் லூசு வேணுமாக் கேளுங்க பாய்" என்றாள் அம்மா.

"உள்ள இனிமே ஒண்ணும் இல்லீங்க" என்றார் அவர்.